நாலாவது போவேட்டும் என் இரண்டு அறிக்கைகளும்

என்னை யாராவது புகழ்ந்தால் நான் முதலில் பார்ப்பது அவருடைய கையை. கையில் ஒரு காகிதம் இருக்கும். அதில் நான் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கும். அன்று காலை எங்கள் ஹொக்கிக் கழகத்தின் செயலாளர் படலையைத் திறந்துகொண்டு வந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன்.

“உங்களைப் போல நடுநிலையான ஆள் இந்தப் பக்கத்திலை இல்லை, அண்ணை,” என்றார்.

கையில் காகிதம் இல்லை. புதுக் கொப்பி ஒன்று இருந்தது. காகிதத்தைவிட மோசம்.

நடுநிலை என்று அவர் சொன்னதை, எந்தப் பக்கத்துக்கும் பிரயோசனப்படாதவன் என்பதற்கான மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு, கதிரையைக் காட்டினேன். அவர் இருந்தார். கொப்பியை என் பக்கமாக மேசையில் தள்ளினார். நான் அதை அவர் பக்கமாகத் தள்ளவில்லை என்பதுதான் நான் செய்த முதல் பிழை.

எங்கள் கழகத்துக்கு மைதானம் நீர்வேலிப் பக்கம், மூளை வெளிநாட்டில். ரொறன்ரோவில் ஒரு கிளை, லண்டனில் ஒரு கிளை. செயலாளர் ஒவ்வொரு போட்டியையும் தன் கைத்தொலைபேசியில் லைவாகக் காட்டுவார். ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, ஓடி ஓடி, வர்ணனையும் அவரே. அங்கே உள்ள முன்னாள் வீரர்கள் போர்வைக்குள் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டு, தொலைபேசிக் குறூப்பில் தீர்ப்பு எழுதுவார்கள். பயிற்றுநரான மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், பதினாறு பேரின் பட்டியலைத் தயாரிப்பார். குறூப் அதைத் திருத்தும். இந்த ஏற்பாடு எங்களுக்கு வினோதமாகத் தெரிவதில்லை. எங்கள் வீடுகளில் மதிலுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதும் இப்படித்தான் முடிவாகிறது.

“நாலாவது போவேட்டைப் பற்றித்தான்,” என்றார் செயலாளர்.

ஹொக்கி தெரியாதவர்களுக்காக: எங்கள் அணியில் போவேட் எனப்படும் முன்கள வீரர்கள் மூன்று பேர் களத்தில் நிற்பார்கள். அவர்கள் களைக்கும்போது, வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் நாலாமவர் இறங்கி ஏழெட்டு நிமிடம் ஓடிவிட்டு, மறுபடி வாங்குக்கு வந்துவிடுவார். முன்கள வீரர் என்றால் கோல் போட வேண்டும். எங்கள் நாலாமவர் இரண்டு வருடமாக ஒரு கோலும் போடவில்லை. முப்பத்துநாலு வயது. வாழைத் தோட்டம் செய்கிறவர். மெலிந்த, நெடிய ஆள், அதிகம் கதைக்காதவர். அதிகம் கதைக்காதவர்களை நான் நம்புவதில்லை. கதைக்கிறவர்களையும் நம்புவதில்லை, ஆனால் அவர்களிடம் பொய்யைக் கண்டுபிடிக்கக் கூடுதலான இடம் இருக்கிறது.

“கோல் இல்லாட்டிலும் பரவாயில்லை, அண்ணை. லைவிலை ஆளைக் காணவேயில்லை எண்டு ரொறன்ரோவிலை சொல்லுகினம். ‘உவர் மைதானத்துக்கு வாறவரோ, இல்லாட்டி வீட்டிலை நிண்டு ஜேர்சியை மட்டும் அனுப்புறவரோ?’ எண்டு தலைவர் கேட்டுப் போட்டிருக்கிறார்.”

“தலைவருக்கு வேறை ஆர் வேணுமாம்?”

செயலாளர் மேலே கூரையைப் பார்த்தார். “தலைவற்றை தங்கச்சியின்ரை மகன் கொழும்பிலையிருந்து வந்து நிக்கிறான். நல்ல விளையாட்டுக்காரன்.”

இப்போது படம் தெளிவாகியது. மருமகனுக்கு ஓர் இடம் வேண்டும். இடத்தைக் காலியாக்க ஓர் அறிக்கை வேண்டும். அறிக்கையை எழுத, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பகிடிக் கட்டுரை எழுதுகிற ஒருவன் வேண்டும். பழி வந்தால் அவன்மேல் வரும். எழுதுகிறவன் என்றால் பிழையாக எழுதுகிறவன் என்று ஊருக்கு ஏற்கெனவே தெரியும். அத்தோடு, நான் பள்ளிக்கூடக் காலத்தில் கோல்காப்பாளர். ஓட முடியாதவனை அங்கேதான் நிறுத்துவார்கள்.

“நான் மாட்டன்,” என்று சொல்ல வாயைத் திறந்தேன். “எத்தினை போட்டி பாக்க வேணும்?” என்ற சத்தம் வந்தது. என்னையும் நான் முழுதாக நம்புவதில்லை.

“மூண்டு. இறுதிப் போட்டிக்கு முதல் அறிக்கை வேணும். அவர் இருக்கிறதோ, போறதோ, உங்கடை கையிலை.”

முதல் போட்டிக்கு முன் மாஸ்டரிடம் போனேன். வேலியோரம் நின்று பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இந்த நாலாவது ஆளை ஏன் வைச்சிருக்கிறியள்?”

“பாரும்.”

“பாக்கத்தான் போறன். எதைப் பாக்கிறது?”

“அவரைப் பாரும்.”

மாஸ்டர் ஹொக்கியைப் பற்றி ஆரம்பித்தால் பஸ்ஸைத் தவறவிட வேண்டிவரும். அப்படிப்பட்டவர் இரண்டு சொல்லோடு நிறுத்தினால் உள்ளே ஏதோ இருக்கிறது. கொப்பியின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதினேன்: ‘மாஸ்டர் எதையோ மறைக்கிறார்.’

ஒரு ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் ஒரு மனிதனை மட்டும் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. பந்து நாய்க்குட்டி மாதிரி. கண் தானாகப் பின்னால் போய்விடும். கழுத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அவர்மேல் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர், “கழுத்து சுளுக்கோ, அண்ணை? எண்ணெய் இருக்கு, தரட்டோ?” என்று கேட்டார்.

நாலாமவர் இரண்டாம் கால்பகுதியில் இறங்கினார். நான் கண்டது இதுதான். எதிரணியின் பின்கள வீரர் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். இவர் அவரை நோக்கி ஓடுவார். நேராக ஓடமாட்டார், கோவில் வீதியில் தேர் திரும்புவது மாதிரி ஒரு வளைவு. பக்கத்தில் போய்ப் பந்தைப் பறிக்கவும் மாட்டார். மட்டையை நிலத்தோடு நீட்டிக்கொண்டு நிற்பார். பின்கள வீரர் பந்தை வேறு பக்கம் தட்டிவிடுவார். இவர் திரும்பி வந்துவிடுவார். மறுபடியும் அதே. எட்டு நிமிடத்தில் பந்தைத் தொட்டது இரண்டு தடவை. அதில் ஒன்று, வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்தது.

‘ஓடுவது போல் நடிக்கிறார். பிடிப்பதற்கு முன் நிற்கிறார். எதிரணியோடு ஏதும் உறவோ?’ என்று எழுதினேன்.

போட்டி முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, “அண்ணை, வெயிலுக்கை கனநேரம் இருந்தியள். தலைக்குத் தொப்பி ஏதும் போடுங்கோ,” என்றார். நான் கொப்பியை மூடினேன். மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மேசையில் இரண்டு சீப்புக் கதலி வாழைப்பழம்.

“இது ஆர் தந்தது?”

“அந்த ஹொக்கித் தம்பி,” என்றாள் மனைவி.

“ஏன் வாங்கினனீர்?”

“பழத்தைத் தந்தால் வாங்காமல் என்ன செய்யிறது? ஒழுங்கையிலை எல்லா வீட்டுக்கும் குடுத்துக்கொண்டு போனவர். ஒரே நாளிலை பழுத்துப்போச்சாம்.”

எல்லா வீட்டுக்கும் கொடுத்தால் என் வீட்டுக்குக் கொடுத்தது தெரியாது. கெட்டிக்காரன். நான் அந்தப் பழத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். பின்னேரம் நாலு சாப்பிட்டேன். சாட்சியத்தை அழித்துவிடுவது நல்லது என்று பட்டது.

இரண்டாவது போட்டியில் எனக்கு இடம் கிடைத்தது எதிரணிக் கோலுக்குப் பின்னால். விசுவாசமான ஆதரவாளர்கள் முன்னால் இருந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கையில் நாலாமவரின் முதுகு தெரியவில்லை. முகம் தெரிந்தது. அவர் வரும்போது எதிரணிப் பின்கள வீரர் செய்வதும் தெரிந்தது.

அந்தப் பின்கள வீரர் பந்தை இடப்பக்கம் அடிக்கத் தோளைத் திருப்பினார். ஹொக்கி மட்டைக்குத் தட்டைப் பக்கம் ஒன்றுதான். இடப்பக்கம் அடிப்பது இலேசு, வலப்பக்கம் அனுப்ப உடம்பை முறிக்க வேண்டும். நாலாமவர் வளைந்து வந்து அந்த இடப்பக்க வழியில் மட்டையை வைத்தார். பின்கள வீரர் நிமிர்ந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் உடம்பை முறித்து வலப்பக்கம் தட்டினார். பந்து மெதுவாகப் போனது. அங்கே எங்கள் நடுக்கள வீரர் ஒருவர், கடைக்குப் போனவர் மிச்சக்காசுக்கு நிற்பது மாதிரி, ஆறுதலாகக் காத்துக்கொண்டு நின்றார். பந்தை எடுத்தார். போனார்.

செயலாளரின் கைத்தொலைபேசி பந்தோடு போனது. கரகோஷமும் பந்தோடு போனது. நாலாமவர் திரும்பி நடந்தார்.

தற்செயல் என்று நினைத்தேன். மறுபடியும் நடந்தது. மூன்றாம் தடவை நடந்தபோது நான் எழும்பி நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் பந்தைத் தேடி ஓடவில்லை. பந்து போக முடியாத இடம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு ஓடினார். அந்த வேலை முடிகிற கணத்தில் பந்து வேறு இடத்தில் இருக்கும். அதனால் லைவில் அவர் ஒருபோதும் வரமாட்டார். ரொறன்ரோவும் லண்டனும் இரண்டு வருடமாகப் பார்த்தது, ஒரு மனிதன் அங்கே நின்றதால் நடந்தவற்றை. அந்த மனிதனை மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாவது போட்டியிலும் அதே கோலுக்குப் பின்னால் போய் இருந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாமல் போனது எனக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 

பிறகு அறிக்கை எழுதினேன். இங்கேதான் என்னை நானே குறை சொல்ல வேண்டும். ‘அவரை வைத்திருங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதுகிறவன் ஒரு வரியில் நிற்பானா? மூன்று பக்கம் எழுதினேன். வளைவை விவரித்தேன். எந்தப் பக்கத்தை அடைக்கிறார், எந்தப் பக்கத்தைத் திறந்துவிடுகிறார், எங்கள் ஆள் எங்கே காத்து நிற்கிறார் எல்லாம் எழுதினேன். அம்புக்குறி போட்டு ஒரு படமும் கீறினேன். ‘கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பை அறியாதவர்கள் ஹொக்கியைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்க்கிறார்கள்’ என்று முடித்தேன். அந்த வசனத்தைக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை வாசித்தும் பார்த்தேன்.

கடித உறையில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். “அண்ணை, உதெல்லே அறிக்கை!” என்றார். அரை மணித்தியாலத்தில் மூன்று பக்கத்தையும் படமெடுத்துக் குறூப்பில் போட்டுவிட்டார்.

குறூப்பில் முதலில் கட்டைவிரல் படங்கள் விழுந்தன. பிறகு ரொறன்ரோத் தலைவர் எழுதினார்: ‘வடிவாய் எழுதியிருக்கிறார். ஆனால் வாழைப்பழம் குடுத்ததாகவும் கேள்வி.’ ரொறன்ரோவுக்கு இரண்டு சீப்புப் பழத்தின் மணம் போயிருந்தது. ஒழுங்கை முழுக்கக் கொடுத்தது என்று செயலாளர் விளக்கினார். லண்டன், ‘அறிக்கை அறிக்கைதான்’ என்றது. வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நாலாமவர் பட்டியலில் இருந்தார். மருமகனும் உள்ளே வந்தார். இரண்டாவது கோல்காப்பாளரைக் கழற்றிவிட்டார்கள். கோல்காப்பாளர்களுக்கு எப்போதும் நடப்பது இதுதான்.

ஒரு மனிதனின் இடத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு அடுத்த நாள் காலை முகம் வழித்துக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. நாலாமவர். கையில் பழம் இல்லை.

“அண்ணை, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?”

“ஏன் தம்பி? உம்மடை பேர் பட்டியலிலை இருக்கெல்லே?”

“பேர் இருக்கு. செய்யிற வேலை கெட்டுப்போச்சு.” முற்றத்தில் நின்றபடியே சொன்னார். “அந்தக் குறூப்பிலை எத்தினை பேர் இருக்கினம் எண்டு தெரியுமே? அவையின்ரை மச்சான்மார், சகலன்மார், பெண்ணெடுத்த ஊர்க்காரர். இறுதிப் போட்டி ஆரோடை?”

வடமராட்சியில், கரவெட்டிப் பக்கத்துக் கழகம் ஒன்றோடு. எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் பெண்ணெடுத்திருக்கிறார்கள். நானும்.

“நான் செய்யிறதை ஒருத்தரும் பாக்காததாலைதான், அண்ணை, அது சரிவருது. நீங்கள் படமும் கீறி, அம்பும் போட்டு…”  எனக்காக வருத்தப்படுகிறார் போலிருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அவர் போனதும் மனைவி குசினியிலிருந்து வந்தாள்.

“உங்கடை அறிக்கையை எங்கடை கரவெட்டி அண்ணை நேற்றே வாசிச்சவராம். நல்ல தமிழாம்.”

“ஆர் அனுப்பினது?”

“நான் இல்லை. என்னை ஏன் பாக்கிறியள்? ரொறன்ரோவிலையிருந்து அவருக்கு வந்தது.”

மூன்று பக்கத்தையும் கனடா சுற்றிக் கரவெட்டிக்கு அனுப்ப, எங்கள் வீட்டிலிருந்து கரவெட்டிக்குப் பஸ்ஸில் போவதைவிடக் குறைந்த நேரம் எடுத்திருக்கிறது.

மாஸ்டரிடம் ஓடினேன். அவர் கூம்புகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்: “நான் ஏன் இரண்டு வருசமா வாய் திறக்கேல்லை எண்டு நினைச்சனீர்? எனக்குக் கதைக்கத் தெரியாதெண்டோ?”

“எனக்காவது சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்.”

“உமக்கோ? நீர் எழுதுற ஆளெல்லே.”

இறுதிப் போட்டிக்குப் போனவர்களில் என்னைப் போல மனம் குழம்பி யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் கால்பகுதியில் நாலாமவர் இறங்கியபோது எதிரணிப் பின்கள வீரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். பழைய சிநேகிதனைக் கண்டமாதிரி. இவர் வளைந்து வந்தார். அவர் அடிக்கவில்லை, காத்திருந்தார். இவர் மட்டையை வைத்ததும், பந்தைத் தூக்கி மட்டைக்கு மேலால் அனுப்பினார். வலப்பக்கம் காத்து நின்ற எங்கள் ஆள் காத்தபடியே நின்றார். அவருக்குப் பின்னால் பந்து போய், மூன்று கை மாறி, எங்கள் கோலுக்குள் விழுந்தது. என் அம்புக்குறிகளை யாரோ தலைகீழாகப் பிடித்து வாசித்திருக்கிறார்கள்.

செயலாளரின் தொலைபேசியில் தீர்ப்புகள் விழத்தொடங்கின. ‘உவரைக் கழற்றுங்கோ.’ ‘அறிக்கை எழுதினவரையும் கழற்றுங்கோ.’ ‘அறிக்கைக்காரர் பெண்ணெடுத்தது கரவெட்டியிலை எண்டு தெரியுமோ?’ செயலாளர் எனக்குக் கேட்கும்படி வாசித்தார். வர்ணனையின் ஒரு பகுதி என்று நினைத்தாரோ தெரியாது.

மாஸ்டர் நாலாமவரை வெளியே எடுத்தார். மூன்றாம் கால்பகுதி முழுக்க அவர் வாங்கில் இருந்து எதிரணியின் பின்கள ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பந்தைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். கடைசிக் கால்பகுதியில் எழும்பி மாஸ்டரின் காதில் ஏதோ சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார்.

இறங்கியவர் நடுவுக்குப் போகவில்லை. நேராக மைதானத்தின் தூரத்து மூலைக்குப் போனார். அங்கே நின்றார். சப்பாத்து நூலைக் குனிந்து கட்டினார். நிமிர்ந்தார். இடுப்பில் கையை வைத்தார். எதிரணிக் கோலை ஒருதடவை பார்த்தார்; வானத்தையும் பார்த்தார்.

முதலில் ஒரு பின்கள வீரர் அவர் பக்கம் வந்தார். ‘கண்ணுக்குத் தெரியாத உழைப்பு’ என்று வாசித்திருக்கிறார் அல்லவா. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே உழைப்பு நடக்கிறது. நாலாமவர் நாலடி தள்ளி நின்றார். அவரும் நாலடி தள்ளினார். பின் மற்றப் பின்கள வீரர் சத்தம் போட்டார்: “டேய், உவன் என்னவோ செய்யப்போறான், விடாதை!” அவரும் வந்தார். மூலையில் மூன்று பேர் நின்றார்கள். பந்து மறுகரையில் நின்றது. மூன்று பேரில் ஒருவர் மட்டும் ஆறுதலாக நின்றார்.

நடுவில் ஒரு காணி அளவு இடம் திறந்தது. கொழும்பு மருமகன் அதற்குள்ளால் ஓடி, தனியாக நின்ற கோல்காப்பாளரைத் தாண்டி, பந்தை உள்ளே தள்ளினார். செயலாளரின் தொலைபேசி அவரைக் கட்டிப்பிடிக்காத குறையாகத் துரத்தியது.

ஒன்றுக்கு ஒன்று. வெளிச்சம் குறைந்ததால் நடுவர்கள் அத்தோடு முடித்தார்கள். கிண்ணம் இரண்டு கழகங்களிடமும் ஆறாறு மாதம் இருப்பது என்று தீர்மானம். முதல் ஆறு மாதம் யாருக்கு என்ற வாக்குவாதம் ஆட்டத்தைவிட நீண்டது.

குறூப்பில் மருமகனுக்கு மாலைகளும் கைதட்டல் படங்களும் குவிந்தன. அதற்கிடையில் தலைவர் எழுதினார்: ‘நாலாவது ஆள் கடைசியில் மூலையிலே நின்று சப்பாத்துக் கட்டியதாகக் கேள்வி. அடுத்த சுற்றுப்போட்டிக்கு அவர் தேவையா? புதிய அறிக்கை வேண்டும்.’

இந்தத் தடவை செயலாளர் படலையைத் திறக்க முதலே நான் விசயத்தை விளங்கிக்கொண்டேன். நல்லதாக எழுதினால் எதிரணிகள் வாசிக்கும். அவர் செய்வது பலிக்காது. கெட்டதாக எழுதினால் ரொறன்ரோ வாசிக்கும்; ஆளே இருக்கமாட்டார். அவருக்கு இனி இன்னொரு கழகம் கிடைக்கிற வயதில்லை. என் அழகான தமிழ் அவருக்கு ஏற்கெனவே ஒரு கோல் செலவு வைத்திருந்தது.

கொப்பியை எடுத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாய்க்கால் மறித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, நீரே சொல்லும். நான் எழுதுறன்.”

மண்வெட்டியைச் சாத்திவிட்டு வரம்பில் இருந்தார். யோசித்தார்.

“எழுதுங்கோ. ‘சுமாரான ஆட்டக்காரர்.’”

“‘சோம்பேறி’ எண்டும் போடட்டோ? பாத்தால் நம்புவினம்.”

“வேண்டாம், அண்ணை. மனிசி வாசிப்பா. பேந்து தோட்டத்திலையும் நிம்மதி இல்லை.”

“சரி. ‘கோல் போடும் ஆற்றல் குறைவு.’”

“ஓம். அது உண்மையும்தான். பேந்து எழுதுங்கோ, ‘அனுபவசாலி, இளையவர்களுக்கு ஒத்தாசையாக இருப்பார்.’ ரொறன்ரோவிலை அப்பிடியான ஆளைக் கழற்ற மாட்டினம். அவையளும் அனுபவசாலியள்தானே.”

நான் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தேன். இருபது வருடம் பத்திரிகையில் எழுதிய எனக்கு இந்த வசனம் வந்திருக்காது.

“இறுதிப் போட்டியிலை மூலைக்குப் போனதைப் பற்றி?”

“‘காலிலை உபாதை ஏற்பட்டதால் ஒதுங்கி நின்றார்.’ அப்பிடியெண்டால் அவங்கள் ரெண்டுபேரும் என்னைச் சுத்தி நிண்டது வீண் எண்டு நினைப்பாங்கள். அடுத்த முறை நிக்கமாட்டாங்கள்.”

“உண்மையிலை உபாதையோ?”

“எழுதுங்கோ, அண்ணை.”

எழுதினேன். அவர் எழும்பி மண்வெட்டியை எடுத்தார். ஏதோ நினைத்துத் திரும்பினார்.

“இன்னும் ஒண்டு. ‘ஓடினால் கெதியாகக் களைத்துவிடுவார்.’ அதையும் போடுங்கோ.”

அரைப் பக்கம். படம் இல்லை, அம்பு இல்லை, கண்ணாடி முன் வாசிக்கக்கூடிய வசனம் ஒன்றும் இல்லை. செயலாளர் குறூப்பில் போட்டார். பத்து நிமிடத்தில் தலைவரிடமிருந்து பதில் வந்தது: ‘இதைத்தான் நாங்கள் முதலே சொன்னது. பரவாயில்லை, அனுபவசாலி, இருக்கட்டும்.’ பட்டியலில் பதினாறாவதாக அவர் பெயர் வந்தது. கரவெட்டி மச்சான் மனைவிக்குச் சொன்னாராம், இந்த அறிக்கையில் முந்தின தமிழ் இல்லை என்று.

அன்று பின்னேரம் பயிற்சி பார்க்கப் போனேன். இரண்டு சுற்று ஓடியதும் நாலாமவர் எல்லைக்கோட்டருகே நின்று, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து இளைத்தார். வெளி வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் இருந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான், இந்த உளவாளிக்குக் காட்டத்தான் இளைக்கிறார் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிள் போனது. நாலாமவர் நிமிரவில்லை. அதே மாதிரி இளைத்துக்கொண்டு நின்றார். பார்ப்பதற்கு நானும் மாஸ்டரும் தவிர வேறு யாருமில்லை.

முப்பத்துநாலு வயது. காலையில் தோட்டம்.

“மாஸ்டர், உண்மையாய்க் களைச்சுப்போட்டாரோ?”

மாஸ்டர் என் கைகளைப் பார்த்தார். கொப்பி இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். விசிலை ஊதினார். நாலாமவர் மட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினார். முதல் பத்தடி மெதுவாக, பிறகு அந்த வளைவில்.